படைவீடு மாறி வருகிறவர்கள்



முருகப்பெருமானுக்கு எத்தனை படைவீடு என்று நம் சமய வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை என்று விரல்விட்டு எண்ணும். ஆனால் 'படைவீடு' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். நானும் யோசித்தவன்தான்.

படை தங்கும் இடம்தான் படைவீடு. இன்றைய பேச்சில் சொன்னால் கேம்ப். நம் முருகன் தேவர்களின் சேனாதிபதி. சூரனோடு போர் செய்ய வந்தபோது அவர் படையோடு தங்கிய இடம் திருச்செந்தூர். ஆக, நாம் கும்பிடும் சாமியே ஒரு படைத்தலைவர். ஓர் இடத்தில் மட்டும் இருந்தவர் இல்லை. போன இடத்தில் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் "இது எங்க முருகன்" என்று சொந்தம் கொண்டாடினார்கள். பழனிக்காரரிடம் போய், "முருகன் திருச்செந்தூர்க்காரர் ஆச்சே, இங்க என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்!

இடம் மாறி வந்த சாமியை நாம் இப்படிச் சொந்தமாக்கிக் கொள்கிறோம். இடம் மாறி வரும் படைவீரர் குடும்பத்தை என்ன செய்கிறோம்? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது சித்தியவான். பக்கத்திலேயே லுமுட். அரச மலேசியக் கடற்படையின் பெரிய தளம் அங்கேதான் இருக்கிறது. அதனால் எங்கள் வட்டாரத்தில் கடற்படைக் குடும்பங்கள் வருவதும் போவதும் வழக்கமான காட்சி. குவாந்தான் பக்கம் தஞ்சோங் கெலாங்கிலிருந்து வருவார்கள், லங்காவியிலிருந்து வருவார்கள், சபாவில் உள்ள செப்பங்காரிலிருந்தும் வருவார்கள். 2009-இல் நாட்டுக்கு வந்த முதல் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தாய்த்தளம் அந்தச் செப்பங்கார்தான். ஒரு நாள் தாமானில் லோரி வந்து நிற்கும். பெட்டி, மெத்தை, சைக்கிள், சாமிப் படம் எல்லாம் இறங்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே மாதிரி ஒரு லோரி வரும். எல்லாம் ஏறும். அவ்வளவுதான்.

நான் எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். எங்கள் ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமை தேவார வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். அப்போது சபாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை. பெரிய பிள்ளைக்குப் பத்து வயது. தம்பிக்கு இரண்டு வயது. தளத்தின் உள்ளே குவாட்டர்ஸ் கிடைக்க நாளாகும் என்று வெளியே தாமானில் வாடகை வீடு எடுத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது அவள் குற்றமும் இல்லை, அவள் பெற்றோர் குற்றமும் இல்லை. சபா, சரவாக் இரண்டிலும் தமிழ்ப்பள்ளியே கிடையாது. அவள் தேசியப் பள்ளியில் படித்தவள். வகுப்பில் எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடும்போது அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். மலாய் வாடையில் அவள் தமிழ் பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அதட்டினேனா? இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வருடம் திருமுறை ஓதும் போட்டிக்குக் குழுப் பாட்டுக்கு ஆள் சேர்த்தோம். ஆசிரியை அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதலாமா என்று கேட்டார். நான் சொன்னேன்: "வேணாம் டீச்சர். கேம்ப்காரங்க எப்படியும் போய்டுவாங்க. நாம பழக்கி விட்டு என்ன புண்ணியம்?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், செருப்பு வைக்கும் இடத்தில் அவள் அம்மா நிற்கிறார். காதில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளியும் வந்தார்கள். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் அவர்கள் கோயிலுக்கு வந்தார்கள்.

கொஞ்ச நாளில் அவர் கணவருக்குக் கடலுக்குப் போகும் முறை வந்தது. அந்த நேரத்தில் ஒரு நாள் நள்ளிரவு சின்னப் பையனுக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. ஊர் புதிது. எந்த கிளினிக் திறந்திருக்கும், எந்த வழி மருத்துவமனைக்குப் போகும், ஒன்றும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையை எழுப்பி, தம்பியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஜி.பி.எஸ். பார்த்துக்கொண்டே தானே காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார் அந்த அம்மா. தம்பி கண் சொருகிக் கிடக்கும்போது அந்தச் சின்னப் பெண் பின் சீட்டில் என்ன நினைத்திருப்பாள்? கடவுள் புண்ணியத்தில் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலு நாள் கழித்துக் கோயிலில்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. என் அம்மா பதறிப்போய், "ஏம்மா, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று கேட்டார். அதற்கு அந்த அக்கா கோபமே இல்லாமல் சொன்ன பதில் இது:

"கூப்பிடலாம்னுதான் போனைத் தொறந்தேன்க்கா. இந்த ஊர்ல யார் நம்பரும் என்கிட்ட இல்ல."

இரண்டு மாதம், ஒவ்வொரு வெள்ளியும் எங்களோடு உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டவர். உபயப் புத்தகத்தில் அவர் பெயரும் போன் நம்பரும் அழகாக எழுதியிருந்தது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதற்கு அவர் நம்பர் நம்மிடம் இருந்தது. கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிட நம் நம்பர் அவரிடம் இல்லை.

இந்த இடத்தில் பெரியபுராணத்துக்கு வருகிறேன். அறுபத்து மூவரில் படைத்தலைவர்களும் உண்டு. சிறுத்தொண்டர் பல்லவரின் படைத்தலைவராக வாதாபி வரை போனவர் என்பது பலருக்கும் தெரியும். கோட்புலி நாயனாரை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சோழரின் படைத்தலைவர். ஊர் நாட்டியத்தான்குடி. போரில் வந்த ஊதியத்தை எல்லாம் நெல்லாக வாங்கிச் சிவன் கோயில் திருவமுதுக்குச் சேர்த்து வைத்தவர்.

சுந்தரர் ஒரு முறை அவர் ஊருக்குப் போகிறார். கோட்புலியார் வீதியெல்லாம் அலங்கரித்து, வீட்டுக்கு அழைத்து, விருந்து படைக்கிறார். பிறகு தம் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டி வந்து, "இவர்களைத் தங்கள் அடிமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று வணங்குகிறார். பிள்ளைகளின் பெயர் சிங்கடி, வனப்பகை. சுந்தரர் என்ன செய்தார்? அடிமையாக ஏற்கவில்லை. "இவர்கள் என் மகள்கள்" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. நாட்டியத்தான்குடியில் பாடிய பதிகத்தில் தன்னையே 'சிங்கடிக்கு அப்பன்' என்று சொல்லிக்கொண்டார்.

கவனியுங்கள். சுந்தரர் அந்த ஊரில் தங்கப் போகிறவர் இல்லை. இன்று வந்து நாளை போகிறவர். "எப்படியும் போகப் போறோமே, இந்த உறவு எதுக்கு?" என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு படைவீரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பன் என்று தன் பெயரையே மாற்றிச் சொன்னார். எத்தனை நாள் இருப்போம் என்பது உறவுக்கு அளவு இல்லை என்று நான் புரிந்துகொண்டது இங்கேதான்.

கோட்புலியார் கதையின் பின்பகுதி கடுமையானது. அரசன் ஆணைப்படி அவர் போருக்குப் போகிறார். கோயிலுக்கு வைத்த நெல்லைத் தொடக்கூடாது என்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுவிட்டுப் போகிறார். பஞ்சம் வருகிறது. பசி தாங்காமல், பிறகு திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நெல்லை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். திரும்பி வந்தவர் எல்லாரையும் வாளுக்கு இரையாக்கினார். முடிவில் சிவபெருமான் தோன்றி அத்தனை பேருக்கும் நற்கதி அளித்தார் என்று புராணம் முடிகிறது. நாயனாரின் உறுதியான பக்தியை இந்தக் கதை சொல்கிறது என்று பெரியவர்கள் விளக்கம் தருவார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு, இந்தக் கதையைப் படித்தால் எனக்கு வேறொரு கேள்வியும் வருகிறது. வீட்டுத் தலைவர் போர்முனையில் இருக்கிறார். அவர் நாட்டைக் காக்கிறார், கோயிலையும் நினைக்கிறார். அவர் வீட்டில் இருப்பவர்களை யார் நினைத்தார்கள்? பஞ்சம் ஊருக்கே வந்தது, தெரியும். இருந்தாலும் "உங்க வீட்ல அடுப்பு எரியுதா?" என்று ஒருவராவது அந்த வாசலில் வந்து கேட்டிருந்தால்? புராணத்தில் இதற்கு விடை இல்லை. விடை சொல்ல வேண்டியது நாம்தான். ஏனென்றால் இன்று நம் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. கணவர் கடலில் இருப்பார், அல்லது எல்லைக் காவலில் இருப்பார், அல்லது 2007 முதல் நம் நாடு லெபனானுக்கு அனுப்பிவரும் ஐ.நா. அமைதிப் படையில் இருப்பார். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். படையில் நம் இனத்தவர் எண்ணிக்கை குறைவு. அந்தக் குவாட்டர்ஸ் புளோக்கிலேயே தீபம் ஏற்றுகிற வீடு அது ஒன்றாகக்கூட இருக்கலாம்.

நான் இப்போது கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். பாலத்தில் கார் போகும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே வேண்டும் என்றே இடைவெளி விட்டிருப்பார்கள். வெயிலில் கான்கிரீட் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கமாகக் கட்டினால் பாலம் வெடிப்பு விடும். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கோயில்தான் ஞாபகம் வந்தது. எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. பூ கட்ட இன்னார், சமையலுக்கு இன்னார், பாட்டுக்கு இன்னார். பத்து வருடமாக அதே ஆட்கள். பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும். புதிதாக ஒருவர் வந்தால் நிற்க ஓர் அங்குல இடம் இருக்காது. "வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க" என்போம். அது விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. சொந்தக்காரரை நாம் உட்கார வைப்பதில்லை. "வாங்கண்ணி, இந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்க" என்போம். வேலை கொடுத்தால்தான் அவர் வீட்டு மனுஷர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் இளைஞர் அணி செய்ததைச் சொல்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. காசும் அதிகம் செலவாகவில்லை. உங்கள் ஊரில் கேம்ப் இருந்தால், மலாக்கா தெரெண்டாக் ஆனாலும் சரி, கோத்தா கினபாலு பக்கம் லோக் காவி ஆனாலும் சரி, இதைச் செய்யலாம்.

முதலாவது, நம்பர் கொடுத்தோம். புதுக் குடும்பம் கோயிலுக்கு வரும் முதல் நாளே ஒரு சின்ன அட்டை. அதில் ஐந்து நம்பர்: ராத்திரி எழுப்பினாலும் எழுந்து வரும் இரண்டு வீடு, கார் உள்ள ஓர் அண்ணன், பக்கத்து கிளினிக், கோயில். ஃபிரிஜ்ஜில் ஒட்டிவைக்கச் சொல்வோம்.

இரண்டாவது, ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பம். "கமிட்டி பார்த்துக்கும்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள், நமக்குத் தெரிந்ததுதானே. அதனால் முதல் மூன்று மாதத்துக்கு ஒரு வீட்டை அவர்களுக்குத் துணையாக வைத்தோம். எந்தக் கடையில் வாழையிலை கிடைக்கும், எந்த ஆண்டி இட்லி மாவு விற்பார், பைப் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு.

மூன்றாவது, பிள்ளைகள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பதிகத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்திலேயே தமிழிலும் எழுதினேன். ஆறு மாதத்தில் கண் தானாகத் தமிழ்ப் பக்கம் போகும். தமிழ்ப்பள்ளிக்கு மாற்ற விரும்பும் பெற்றோருக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வோம். தேசியப் பள்ளியிலேயே தொடர்கிறார்கள் என்றால், குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கே தாய்மொழி வகுப்பு நடத்த வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. அந்த 15 பேரைத் தேடிச் சேர்ப்பது இளைஞர் அணி செய்யக்கூடிய வேலை.

நான்காவது, ஒரு மாதத்துக்குள் ஒரு பொறுப்பு. கோலம், பூ, ஒலிபெருக்கி, பிரசாதம், எதுவானாலும் சரி. "நீங்க இல்லைன்னா இந்த வெள்ளிக்கிழமை இது நடக்காது" என்று இருக்க வேண்டும்.

ஐந்தாவது, செய்யக் கூடாதது. "உங்க வீட்டுக்காரர் கப்பல் எங்க போகுது? எப்ப திரும்பும்?" என்று கேட்காதீர்கள். அது அவர்கள் சொல்லக் கூடாத விஷயம். கேட்டால் சங்கடப்படுவார்கள். தெரிந்தாலும் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். தளத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. உள்ளே குடியிருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டு, வெளியே சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். உள்ளே அவர்களுக்கு பாக்காட் போன்ற படைக் குடும்ப நல அமைப்பு உண்டு. நாம் அதற்குப் போட்டி இல்லை. கோயில், மொழி, விசேஷம் என்று அதற்கு வெளியே இருப்பதுதான் நம் பங்கு. இன்னொன்று, பாவம் பார்த்துப் பேசாதீர்கள். அவர்கள் பாவப்பட்டவர்கள் இல்லை. மூன்று ஊரில் குடித்தனம் நடத்திப் பழகியவர்கள். நம்மைவிடத் தைரியசாலிகள்.

அந்த அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். சும்மா வாயால் கேட்டால் போதாது என்று தோன்றியது. "அக்கா, பாப்பாவைப் பாட்டுக் குழுவுல சேர்க்கலாமா? நானே சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க போய்டுவோமே தம்பி" என்றார். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு அவரே சிரித்து, "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

போட்டியில் எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாசி மகத்துக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து லுமுட்டிலிருந்து படகேறிப் பங்கோர் காளியம்மன் கோயிலுக்குப் போனோம். படகில் அந்தப் பிள்ளை யாரும் கேட்காமலேயே பதிகத்தைப் பாடிக்கொண்டு வந்தாள். கையில் தாள் இல்லை.

இரண்டரை வருடத்தில் மாற்றல் வந்தது. லோரி வந்தது. நான் சொன்னது சரிதான், அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் "பழக்கி விட்டு என்ன புண்ணியம்" என்று கேட்டேனே, அது தப்பு.

நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையை நாம் அறிவோம். பதினோராம் திருமுறையில் இருக்கிறது. ஆற்றுப்படை என்றால் வழி காட்டி அனுப்புவது. அருள் பெற்றவர் ஒருவர் எதிரே வருபவரிடம், "இந்த வழியாகப் போ, அங்கே உனக்குக் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புவார். நம் ஆறாவது வேலை இதுதான். குடும்பம் கிளம்பும்போது பிரியாணிப் பொட்டலமும் பரிசும் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் போகிற ஊரில் எந்தக் கோயில் இருக்கிறது, அங்கே இளைஞர் அணி இருக்கிறதா என்று விசாரித்து, லோரி போய்ச் சேரும் முன்னால் ஒரு போன் போட்டு விடுங்கள். "எங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க, பார்த்துக்குங்க" என்று சொல்லுங்கள். அந்தக் குடும்பம் குவாந்தான் போய் இறங்கிய அன்று சாயங்காலம், எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயில் அண்ணன் தோசையும் சாம்பாரும் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டினார்.

போன வருடம் தீபாவளிக்கு அந்தப் பிள்ளை எனக்குத் தமிழிலேயே ஒரு செய்தி அனுப்பினாள். எழுத்துப்பிழை நாலைந்து இருந்தது. திருத்த மனம் வரவில்லை. "அண்ணா, எங்க கோயிலுக்குச் சரவாக்லேந்து ஒரு ஃபேமிலி வந்திருக்காங்க. அம்மா நம்பர் எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று எழுதியிருந்தாள்.

தோழர்களே, இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, சாமி கும்பிட்டு முடித்ததும் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், யாரோடும் பேசாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் நிற்கலாம். போய்ப் பேர் கேளுங்கள். உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஆறு படைவீட்டிலும் இருப்பவன் அந்த வீட்டிலும் இருக்கிறான்.

திருச்சிற்றம்பலம்.